காங்கிரீட் தாமரைக்குப் பரிசு! சட்டி சுமந்தவர்களுக்கு?

இரவு பகல் பாராமல் 48 மணி நேரம் வேலை. நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போயிற்று! அதுவரை போட்ட காங்கிரீட் இறுகிவிடும். அதன்மேல் போடுகிற புதுக் காங்கிரீட் அதோடு சரியாக ஒட்டாது. சேர்ந்த இடத்தில் ஒரு கோடு விழும். பிறகு மழைத் தண்ணீர் அந்தக் கோட்டைத்தான் தேடி வரும்.

டில்லியில் கால்காஜிக்கு அருகே பாஹாபூரில் இருக்கிற தாமரைக் கோவிலின் இதழ்கள் இப்படித்தான் வார்க்கப்பட்டன. ஒவ்வோர் இதழுக்கும் ஏறக்குறைய இரண்டு பகல், இரண்டு இரவு. கட்டி எழுப்பிய சாரத்தில் காங்கிரீட்டை மேலே கொண்டுபோனவர்கள் பெண்கள். தலையில் சட்டி. ஒரு சட்டியில் 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ காங்கிரீட். ஏறுவது, கொட்டுவது, இறங்குவது, மறுபடியும் ஏறுவது.

1986 டிசம்பரில் அந்தக் கோவில் திறக்கப்பட்டது. பரிசுகளும் வரத் தொடங்கின. 1987-ல் பிரிட்டனின் கட்டமைப்பு என்ஜினீயர்கள் சங்கம் ஒரு சிறப்புப் பரிசு கொடுத்தது. 1988-ல் வடஅமெரிக்க விளக்கொளி என்ஜினீயர்கள் சங்கம், அதன் விளக்கு அமைப்பைப் பாராட்டிப் பரிசு கொடுத்தது. 1989-ல் அமெரிக்கக் காங்கிரீட் கழகத்தின் மராட்டியக் கிளை, காங்கிரீட் வேலையின் சிறப்புக்காக விருது வழங்கியது.

"சினிமாவுக்குப் பரிசு உண்டு. பாட்டுக்குப் பரிசு உண்டு. காங்கிரீட்டுக்குமா பரிசு?" என்று யாராவது கேட்கலாம். உண்டு! ஒன்றல்ல, பல இருக்கின்றன. உலகம் முழுவதும் அவை ஒழுங்காகக் கொடுக்கப்பட்டு வருகின்றன.

பரிசு கொடுப்பவர்கள் யார்?

அமெரிக்கக் காங்கிரீட் கழகம் 1904-ல் தோன்றியது. கட்டடத்தில் எவ்வளவு கம்பி வைக்க வேண்டும், எவ்வளவு சிமெண்டு போட வேண்டும் என்று அது எழுதிய விதிகளைப் பல நாடுகள் பார்த்து நடக்கின்றன. 2015-ல் அது உலக அளவில் பரிசு வழங்கத் தொடங்கியது. வானளாவிய கட்டடத்துக்கு ஒரு பரிசு. சின்னக் கட்டடத்துக்கு ஒரு பரிசு. பாலம், அணை போன்றவற்றுக்கு ஒன்று. தரை போட்டதற்கு ஒன்று, அலங்கார வேலைக்கு ஒன்று, இடிந்துபோக இருந்ததைப் பழுது பார்த்து மீட்டதற்குக்கூட ஒன்று.

ஸ்விட்சர்லாந்தில் தலைமை இடம் கொண்ட சர்வதேசக் காங்கிரீட் சம்மேளனம் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாநாடு கூட்டிப் பரிசு கொடுக்கிறது. 2014-ல் அந்த மாநாடு பம்பாயில், இன்றைய மும்பையில் நடந்தது. நம் நாட்டிலும் இந்தியக் காங்கிரீட் கழகம் இருக்கிறது. 1982-ல் தொடங்கிய அந்தக் கழகத்தின் தலைமை அலுவலகம் சென்னையில்தான். அதுவும் விருதுகள் வழங்கி வருகிறது.

இவர்கள் எல்லாரும் தொழிலைச் சேர்ந்தவர்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? இந்தப் பரிசுகளுக்குப் பணம் கொடுத்து உதவுகிறவர்களில் சிமெண்டு கம்பெனிகளும் உண்டு. சிமெண்டு விற்கிறவர் சிமெண்டுக் கட்டடத்தைப் புகழ்வதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் முழுக்க அப்படித் தள்ளிவிடவும் முடியாது. ஊர்க்காரர்கள் கட்டடத்தின் வெளி அழகைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே கம்பி துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்தார்கள், கோடை வெயிலில் காங்கிரீட் வெடிக்காமல் எப்படிக் காத்தார்கள் என்பது தொழில் தெரிந்த கண்ணுக்குத்தான் தெரியும். ஒருவர் கண்டுபிடித்த வழியைப் பத்துப் பேர் கற்றுக்கொள்ள இந்தப் பரிசுகள் உதவுகின்றன. தாமரைக் கோவிலே அதற்கு நல்ல உதாரணம்.

பூவுக்குக் கணக்கு

கோவிலுக்கு உருவம் கொடுத்தவர் பரிபோர்ஸ் சாபா. ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர். பஹாய் மதத்தினர் 1976-ல் அவரிடம் இந்த வேலையை ஒப்படைத்தார்கள். இந்தியாவில் எல்லா மதத்தாரும் தாமரையை மதிப்பதைக் கண்டு, தாமரையையே கட்டடமாக்க அவர் தீர்மானித்தார்.

சொல்வது சுலபம். தாமரை இதழில் நேர்க்கோடு எங்கே இருக்கிறது? சுவர் என்றால் நூல் பிடிக்கலாம், குண்டு விடலாம். வளைந்து நெளிந்து மேலே போகப் போகக் கூம்புகிற இதழுக்கு எந்த நூலைப் பிடிப்பது? மொத்தம் 27 இதழ்கள். மூன்று மூன்றாக ஒன்பது பக்கம். வாசல் இதழ்கள் வெளிப்புறம் விரிந்து நிற்கும். வெளி இதழ்கள் உட்புறம் வளைந்து நிற்கும். உள் இதழ்கள் மொட்டுப் போல மேலே நெருங்கி நிற்கும். உயரம் 110 அடிக்கு மேல். இதழின் தடிப்போ ஓர் அடிக்கும் குறைவு! இத்தனையையும் கணக்குப் போட்டு வரைபடங்களை முடிக்கவே 18 மாதத்துக்கு மேல் ஆயிற்று.

காங்கிரீட்டுக்கு என்று சொந்த உருவம் கிடையாது. தண்ணீரைப் போல, எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறோமோ அந்த உருவம்தான். ஆகவே முதலில் தச்சர்கள் பலகையால் தாமரை செய்தாக வேண்டும். பலகையில் ஒரு பிசகு இருந்தால் அது காங்கிரீட்டில் அப்படியே பதிந்துவிடும். இறுகிய பிறகு பலகையைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். பாதி வேலை அதில்தான். ஆனால் பார்க்க வருகிறவர் கண்ணுக்கு அந்தப் பலகையில் ஒரு துண்டுகூட அகப்படாது!

அடுத்த தொல்லை நிறம். கோவிலின் வெளிப்புறத்தில் பளிங்கு ஒட்டியிருக்கிறார்கள். அது கிரீஸ் நாட்டுப் பெண்டெலி மலையில் வெட்டி, இத்தாலிக்கு அனுப்பி, அங்கே ஒவ்வொரு துண்டாக அளந்து அறுத்துக் கொண்டுவந்த பளிங்கு. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் தெரிவது பளிங்கு அல்ல, காங்கிரீட்டேதான். பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. அது வெள்ளையாக இருக்க வேண்டும் என்றால் சாதாரணச் சிமெண்டு உதவாது. வெள்ளைச் சிமெண்டு கொரியாவிலிருந்து வந்தது. ஜல்லி ஆல்வார் பகுதிச் சுரங்கங்களிலிருந்தும், மணல் ஜெய்ப்பூரிலிருந்தும் வந்தன.

உள்ளே இருக்கிற கம்பி என்றாவது துருப்பிடித்தால் வெள்ளைச் சுவரில் பழுப்புக் கறை வழியும். அதனால் இதழ்களின் கம்பிகளுக்கெல்லாம் துத்தநாக முலாம் பூசினார்கள்.

டில்லிக் கோடை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. சிமெண்டில் தண்ணீர் பட்டால் சிமெண்டும் தானே சூடாகும். இரண்டு சூடும் சேர்ந்தால் காங்கிரீட் அவசர அவசரமாக இறுகி வெடிப்பு விடும். என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீரோடு ஐஸ் சேர்த்தார்கள்! ஜல்லியையும் குளிர வைத்தார்கள். காங்கிரீட்டின் சூடு 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சொந்த வீட்டுக்குத் தளம் போட்டவர்களுக்கு இதில் பாதி புரியும். தளம் போடும் நாளில் விடியற்காலையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். கலவை எந்திரம் ஓடத் தொடங்கினால் தளம் முடிந்துதான் நிற்கும். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். அதே வேலைதான் டில்லியிலும் நடந்தது. இங்கே ஒரு பகல். அங்கே ஒவ்வோர் இதழுக்கும் இரண்டு நாள். இங்கே சப்பைத் தளம், அங்கே பூ.

பெயர் யாருக்கு?

பரிசுப் பத்திரங்களில் கட்டடக் கலைஞர் பெயர் வரும். கணக்குப் போட்ட என்ஜினீயர்கள் பெயர் வரும். தாமரைக் கோவிலுக்குக் கணக்குப் போட்டது லண்டனைச் சேர்ந்த பிளின்ட் அண்ட் நீல் கம்பெனி. கட்டிக் கொடுத்த கம்பெனியின் பெயரும் வரும். அந்த வேலையை எடுத்துச் செய்தது லார்சன் அண்ட் டூப்ரோவின் இ.சி.சி. கட்டுமானப் பிரிவு. அதன் தலைமை அலுவலகம் சென்னையில்தான். தாமரையின் வேர் ஒன்று இங்கேயும் ஓடியிருக்கிறது.

என்ஜினீயர்கள், தொழில் நுணுக்கம் தெரிந்தவர்கள், கொத்தனார்கள், கூலியாட்கள் என்று சுமார் 700 பேர் அங்கே உழைத்தார்கள். சட்டி சுமந்த பெண்களைப் பற்றி அந்தக் கட்டட வரலாற்றில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுதான். பெயர் இல்லை.

இது டில்லியில் மட்டும் நடந்த காரியம் அல்ல. ரோமாபுரியில் பாந்தியன் என்ற கோவில் இருக்கிறது. 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. 142 அடி அகலமுள்ள அதன் கூரை முழுவதும் கம்பியே இல்லாத காங்கிரீட்! இன்றும் என்ஜினீயர்கள் போய்ப் பார்த்து வியக்கிறார்கள். அதன் முகப்பில் அக்ரிப்பா கட்டினான் என்று செதுக்கியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு நிற்கிற கட்டடத்தை முடித்தது, அக்ரிப்பா செத்து நூறாண்டுக்கு மேல் கழிந்தபின், ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்தில்! சக்கரவர்த்தியின் பெயரே விட்டுப்போகும் என்றால் சித்தாளின் பெயரை யார் தேடப் போகிறார்கள்?

இருந்தாலும் இந்தக் காலத்தில் அது ஒன்றும் முடியாத காரியம் அல்ல. சினிமாப் படத்தின் முடிவில் விளக்குப் பிடித்தவர், தையல் வேலை செய்தவர், வண்டி ஓட்டியவர் எல்லார் பெயரும் வருகிறது. யாரும் அதற்காக முகம் சுளிப்பதில்லை. காங்கிரீட் பரிசுப் பத்திரத்தில் பலகை அடித்த மேஸ்திரியின் பெயரைச் சேர்த்தால் காகிதம் கிழிந்துவிடாது.

அதே டில்லியில் இன்னொரு கட்டடம்

பரிசும் புகழும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுமா? இதற்கும் டில்லியே பதில் சொல்கிறது.

1972-ல் சுதந்திரத்தின் 25-வது ஆண்டு. பிரகதி மைதானத்தில் ஆசியப் பொருட்காட்சி நடத்த ஏற்பாடாயிற்று. அதற்காக ஒரு பெரிய மண்டபம் வேண்டும். நடுவில் தூண் இருக்கக் கூடாது. ராஜ் ரேவல் என்ற கட்டடக் கலைஞரும், மகேந்திர ராஜ் என்ற என்ஜினீயரும் அந்த வேலையை ஏற்றார்கள். மகேந்திர ராஜ், சண்டிகரில் லெ கார்பூசியேயின் கட்டடங்களில் வேலை பார்த்துத் தேர்ந்தவர்.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட மண்டபத்தை எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பின்னிக் கட்டுவார்கள். இந்தியாவில் அப்போது எஃகுக்குப் பஞ்சம், விலையும் அதிகம். ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆகவே எஃகில் செய்வதைக் காங்கிரீட்டிலேயே செய்தார்கள்! ஒவ்வொரு சட்டமாகப் பலகை அடித்து, கம்பி கட்டி, அந்தந்த இடத்திலேயே கையால் வார்த்தார்கள். 256 அடி அகலம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. காங்கிரீட்டால் அவ்வளவு பெரிய பின்னல் மண்டபத்தை அதற்கு முன் உலகில் யாரும் கட்டியதில்லை. அதற்கு 'தேசங்களின் மண்டபம்' என்று பெயர் வைத்தார்கள்.

வறுமையே வழி காட்டிய கட்டடம் அது. கையில் இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்துகிற தாய்மார்களுக்கு அந்த மூளையின் அருமை தெரியும்.

பிறகு என்ன ஆயிற்று? அந்த இடத்தில் புதிய மாநாட்டு மண்டபம் கட்ட அரசாங்கம் திட்டமிட்டது. ராஜ் ரேவலும் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கிறவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். வெளிநாட்டு மியூசியங்களிலிருந்தும் வேண்டுகோள்கள் வந்தன. டில்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு, 60 வயது ஆன கட்டடத்தைத்தான் பாரம்பரியம் என்று எடுத்துக்கொள்ள முடியும் என்று சொல்லிவிட்டது. மண்டபத்துக்கு வயது 45. கோர்ட்டும் கைவிட்டது. 2017 ஏப்ரல் 23-ந் தேதி இரவு எந்திரங்கள் வந்தன. விடிந்தபோது மண்டபம் இல்லை.

அந்த வளாகத்தில் 2023 ஜூலையில் 'பாரத் மண்டபம்' திறக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 2022-ல், நியூயார்க் நகரின் நவீனக் கலை மியூசியம் தெற்காசியக் கட்டடக் கலையைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. இடிக்கப்பட்ட மண்டபத்தின் மாதிரி உருவத்தை அங்கே வைத்திருந்தார்கள். பொம்மையைப் பார்க்க நியூயார்க்குக்குப் போக வேண்டும். அசலைப் பார்க்க எங்கும் போக முடியாது!

புது இடம் வேண்டும் என்பதில் தவறில்லை. பழையதை வைத்துக்கொண்டே புதியதைக் கட்ட முடியாதா என்பதுதான் கேள்வி. அதை யாரும் பொறுமையாக விவாதித்ததாகத் தெரியவில்லை. 60 வயது வரை ஒரு கட்டடத்தை யார் வேண்டுமானாலும் இடிக்கலாம், அதற்குப் பிறகுதான் அது மதிப்புள்ளது என்றால், மதிப்புள்ளது எத்தனை மிஞ்சும்?

முந்திக்கொண்ட புகழ்

பரிசுகளைப் பெரும்பாலும் கட்டடம் புதிதாக இருக்கும்போதே கொடுத்துவிடுகிறார்கள். பெயின்ட் வாசனைகூடப் போயிருக்காது. அது எவ்வளவு நாள் நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இத்தாலியில் ஜெனோவா நகரத்தில் 1967-ல் ஒரு பாலம் திறந்தார்கள். கட்டியவர் ரிக்கார்டோ மொராண்டி. பாலத்தைத் தூக்கிப் பிடிக்கிற எஃகு வடங்களைச் சுற்றி அவர் காங்கிரீட்டைப் போர்த்தினார். மழையும் கடற்காற்றும் எஃகைத் தொடாது என்று நினைத்தார். புதுமையான யோசனை என்று உலகம் பாராட்டியது. ஆனால் போர்வைக்குள் எஃகு அரித்தபோது, வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. 2018 ஆகஸ்டு 14-ந் தேதி, மழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பாலம் இடிந்து விழுந்தது. 43 பேர் மாண்டார்கள்.

மொராண்டியின் மேல் மட்டும் பழி போடுவதற்கில்லை. பாலம் கட்டினால் பராமரிக்கவும் வேண்டும். ஆயினும், ஒரு கட்டடம் 25 ஆண்டு நின்ற பிறகு அதற்கு ஒரு பரிசு கொடுத்தால் என்ன? கட்டியவரோடு, அதைத் துடைத்துப் பெருக்கிக் காத்தவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம். பழுது பார்ப்புக்கு இன்று தனிப் பரிசு வந்திருப்பது அந்த வழியில் நல்ல தொடக்கம்.

புகையின் கணக்கு

சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேக வைக்க வேண்டும். உலையில் எரிகிற நிலக்கரி புகை விடும். அது போதாது என்று, சுண்ணாம்புக் கல்லே வேகும்போது கரியமில வாயுவை விடும். உலகம் முழுவதும் மனிதர்கள் வெளியிடுகிற கரியமில வாயுவில் 100-க்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டினால் வருகிறது. உலகில் சிமெண்டு செய்வதில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்குத்தான்.

ஆகவே "எவ்வளவு பெரிது?" என்று கேட்டுப் பரிசு கொடுத்த காலம் மாற வேண்டியிருக்கிறது. "எவ்வளவு குறைந்த சிமெண்டில் கட்டினாய்?" என்று கேட்க வேண்டும். அனல் மின்சார நிலையத்துச் சாம்பலைச் சிமெண்டோடு கலந்து கட்டுகிறார்கள். இரும்பு உலைக் கசடையும் கலக்கிறார்கள். சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்துச் செய்கிற புதுச் சிமெண்டு ஒன்றை உருவாக்கியதில், ஸ்விட்சர்லாந்து, கியூபா நாட்டு நிபுணர்களோடு டில்லி, சென்னை, பம்பாய் ஐ.ஐ.டி.க்காரர்களும் பங்கு கொண்டார்கள். கண்ணைப் பறிக்கிற காரியம் இல்லைதான். போட்டோவில் இது தெரியாது. பரிசுக் கமிட்டிகள் போட்டோவை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் வரை, சாம்பல் கலந்த சுவர் மேடை ஏறுவது கஷ்டம்.

சட்டி சுமப்பவர்களின் கணக்கு

கட்டட வேலையாட்களுக்கு விருது மேடை கிடைக்காவிட்டாலும் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 1982-ல் ஒரு சட்டம் வந்தது. 1994-ல் கட்டடத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைந்தது. 1996-ல் இந்தியா முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. கட்டடம் கட்டுகிறவர்கள் செலவில் 100-க்கு 1 ரூபாய் வரி கட்ட வேண்டும். அந்தப் பணம் தொழிலாளரின் மருத்துவத்துக்கும், குழந்தைகள் படிப்புக்கும், முதுமைக்கும் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

பணம் சேர்ந்தது. போய்ச் சேர்ந்ததா? 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பில் கணக்குச் சொன்னது. வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளருக்காகச் செலவானது சுமார் 9,500 கோடி! வேலையாட்கள் ஊர் விட்டு ஊர் போகிறவர்கள். இந்த ஊரில் பதிவு செய்தால் அடுத்த ஊரில் அட்டை செல்லுமா என்ற சந்தேகம். படிக்கத் தெரியாதவர்கள் மேஸ்திரியின் வாயைத்தான் பார்க்க வேண்டும்.

தாமரைக் கோவிலில் சட்டி சுமந்த பெண்களுக்கு இந்தச் சந்தேகத்துக்குக்கூட இடமில்லை. 1996-ல் அந்தச் சட்டம் வந்தபோது தாமரை மலர்ந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.